நிறம் கூடிப்போன குற்றம்: எடி ஹிலாவின் 'மரம் நடுதல்'

கேன்வாஸில் ஓர் இளைஞர் கூட்டம் மரக்கன்று நட்டுக்கொண்டிருக்கிறது. படத்தில் நடப்பது அவ்வளவுதான். துப்பாக்கி இல்லை, எதிரி இல்லை, ஆட்சியைக் கிண்டல் செய்கிற ஒரு கோடுகூட இல்லை. நடுகிறவர்கள் உற்சாகமாக இருக்கிறார்கள். உடம்புகள் வளைந்து நெளிவதைப் பார்த்தால் வேலை செய்கிறார்களா, ஆடுகிறார்களா என்று ஒரு கணம் குழப்பமாக இருக்கும். நிறங்களோ பளிச்சென்று இருக்கின்றன. வயல்வெளியில் கண்ட நிறத்தை அப்படியே எடுத்துவைக்காமல், அந்தக் காலைநேரத்து மனநிலைக்கு ஏற்ப ஓவியர் தானே கலந்துகொண்ட நிறங்கள்.

1971இல் அல்பேனிய ஓவியர் எடி ஹிலா வரைந்த 'மரம் நடுதல்' இது. அப்போது அவருக்கு 27 வயது. சில ஆண்டுகளுக்குள் இந்தப் படம் அவர்மேல் குற்றச்சாட்டாகத் திரும்பியது. அல்பேனியத் தலைநகர் திரானாவில் ஒரு கோழி இறைச்சித் தொழிற்சாலையில் சுமை தூக்கப் போனார்.

இந்த நிகழ்வை நான் எடுத்துக்கொண்டதற்குக் காரணம் தண்டனையின் கொடுமை மட்டுமல்ல. கொடுமை என்று பார்த்தால் அதே நாட்டில், அதே ஆண்டுகளில், இதைவிட மோசமாகப் பட்டவர்கள் உண்டு. அவர்களைப் பற்றியும் பின்னால் வரும். என்னைக் குடைந்த கேள்வி வேறு. அரசு என்ன கேட்டதோ அதையே, மனமார, நல்லெண்ணத்தோடு வரைந்த ஒருவரிடம் அரசு எந்தக் குற்றத்தைக் கண்டது? அதையொட்டி இன்னொன்று: அன்று 'யதார்த்தம் போதவில்லை' என்று ஒதுக்கப்பட்ட அதே மனிதரை இன்று அந்த நாட்டின் மிக நேர்மையான யதார்த்த ஓவியர் என்று சொல்ல முடிகிறதே, எப்படி?

அக்சியோன்

முதலில் கருப்பொருளைப் பார்த்துவிடலாம். மரம் நடுவது அன்றைய அல்பேனியாவில் பொழுதுபோக்கு அல்ல. 'அக்சியோன்' என்பார்கள். மாணவர்களும் இளைஞர்களும் மாதக்கணக்கில் ஊரை விட்டுப் போய் ரயில்பாதை போடுவார்கள், மலைச்சரிவை வெட்டிப் படிக்கட்டு வயலாக்குவார்கள், ஆலிவும் ஆரஞ்சும் நடுவார்கள். பெயர் தன்னார்வ வேலை. போகாமல் இருந்துவிடும் சுதந்திரம் அதில் அவ்வளவாக இல்லை. ஆனால் வீட்டையும் பெற்றோரையும் விட்டு, ஆணும் பெண்ணுமாகச் சேர்ந்து, வெயிலில் வேலை பார்த்து, இரவில் பாட்டுப் பாடிய நாட்கள் அவை என்று பிரியத்தோடு நினைவுகூர்கிறவர்களும் இருக்கிறார்கள். ஹிலா வரைந்தது இந்த இரண்டாவது பக்கத்தை. அரசு விளம்பரம் செய்த மகிழ்ச்சியை அவர் உண்மையென்றே எடுத்துக்கொண்டார் என்று படுகிறது.

அந்த அரசு எப்படிப்பட்டது என்று நான்கு வரியில் சொல்லிவிடலாம். கம்யூனிஸ்ட் கட்சித் தலைவர் என்வர் ஹோஜா 1944 முதல் 1985இல் சாகும்வரை நாட்டைக் கையில் வைத்திருந்தார். 1948இல் யூகோஸ்லாவியாவோடு முறிவு, 1961இல் சோவியத் ஒன்றியத்தோடு முறிவு, 1978இல் சீனாவோடும் முறிவு. 1967இல் மதத்தையே தடைசெய்தார்கள். தேவாலயங்களும் பள்ளிவாசல்களும் கிடங்காகவும் விளையாட்டுக் கூடமாகவும் மாறின. நாடெங்கும் கான்கிரீட் பதுங்கு குழிகள் முளைக்கத் தொடங்கின.

ஓவியருக்கு இந்த நாட்டில் ஒரே ஒரு வாடிக்கையாளர்தான்: அரசு. தொழிலைக் கற்றுத்தருவது அது, கண்காட்சி வைப்பது அது, படத்தை வாங்குவது அது, வாங்கியதைக் கழற்றி உள்ளே வைப்பதும் அதுதான். எப்படி வரைய வேண்டும் என்பதற்கு 'சோசலிச யதார்த்தவாதம்' என்று பெயர். இருப்பதை வரைவது யதார்த்தம் என்றுதான் நாம் நினைப்போம். இந்த அகராதியில் அர்த்தம் வேறு. நாளைக்கு வரப்போகிற சமூகத்தை, இன்றே வந்துவிட்டதுபோல, பார்ப்பவருக்குச் சந்தேகம் வராத அளவு திருத்தமான உருவங்களோடு வரைய வேண்டும். தொழிலாளி என்றால் மார்பை நிமிர்த்தி நிற்பார். விவசாயப் பெண் என்றால் கையில் கதிர்க்கட்டு, முகத்தில் சிரிப்பு, பார்வை தூரத்தில். திரானாவின் தேசிய வரலாற்று அருங்காட்சியகத்து முகப்பில் 1981இல் பதித்த பெரிய மொசைக்கைப் படத்திலாவது பார்த்திருப்பீர்கள். வரலாற்றின் அத்தனை பேரும் நம்மை நோக்கி நடந்து வருகிறார்கள். நடுவில் துப்பாக்கியை உயர்த்திப் பிடித்த பெண். ஆட்சி போன பிறகு அதிலிருந்த சிவப்பு நட்சத்திரத்தை எடுத்துவிட்டார்கள். நட்சத்திரம் போனாலும் நடை மாறவில்லை.

இந்த நடைதான் விதி. ஹிலாவின் இளைஞர்கள் இப்படி நடக்கவில்லை.

ஷ்கோடர்

ஹிலாவை வெறும் 'தண்டிக்கப்பட்ட ஓவியர்' என்று மட்டும் எழுதிவிட்டுப் போகிறவர்கள் அவர் பிறந்த ஊரைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். அது பெரிய தவறு என்பது என் வாதம். 1944இல் அவர் பிறந்த ஷ்கோடர், வடக்கே ஏரிக்கரையில் இருக்கிற பழைய வணிக நகரம். கத்தோலிக்கரும் முஸ்லிம்களும் சேர்ந்து வாழ்ந்த ஊர். இத்தாலியோடு கடல்வழிப் பழக்கம் உண்டு. அல்பேனியாவில் கண்ணால் கண்டதை அப்படியே பதிவது என்கிற வழக்கம் வேரூன்றியது இங்கேதான்.

1850களில் பியெத்ரோ மாருபி என்கிற இத்தாலியர் அரசியல் காரணமாகத் தப்பி ஓடிவந்து இந்த ஊரில் புகைப்பட நிலையம் தொடங்கினார். பிள்ளை இல்லாதவர். தோட்டக்காரர் கோதெலியின் மகன்களுக்குத் தொழிலைச் சொல்லிக்கொடுத்தார். அவர்களில் ஒருவரான மிகெல், மாருபி என்றே பெயரை மாற்றிக்கொண்டு 'கெல் மாருபி' ஆனார். அவருக்குப் பின் கெகெ மாருபி. இப்படி மூன்று தலைமுறை. மலைவாசிகள், பாதிரியார்கள், துருக்கி அதிகாரிகள், கல்யாணப் பெண்கள், பழிக்குப் பழி வாங்கும் குலப்பகையில் சிக்கிய குடும்பத்தார் என்று எல்லாரும் அந்த நிலையத்தில், தீட்டிய திரைக்கு முன்னால் நின்றிருக்கிறார்கள். மிச்சமிருக்கிற நெகட்டிவ்கள் ஏறக்குறைய 5 லட்சம் என்கிறார்கள். 2016 முதல் அவற்றுக்கென்று ஊரில் ஒரு தேசிய அருங்காட்சியகம் இருக்கிறது.

அந்த நிலையத்தோடு இளமையிலேயே பழகியவர் கோல இத்ரொமெனோ. 1860இல் பிறந்தவர், ஓவியம், புகைப்படம், கட்டடக்கலை என்று எல்லாவற்றிலும் கை வைத்தவர். 1883இல் அவர் தன் சகோதரி தோனேயை வரைந்த படம் அல்பேனிய ஓவியத்தின் தொடக்கப்புள்ளி என்று இன்றும் பேசப்படுகிறது. அதைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். ஷ்கோடர் நகரத்துப் பெண்ணின் உடை, தலையில் வெள்ளைத் துணி. அந்த வெள்ளை பல சாம்பல் நிறங்களால் ஆனது. முகம் நம்மை வரவேற்கவும் இல்லை, விலக்கவும் இல்லை. ஊர்க்காரர்கள் 'அல்பேனிய மோனாலிசா' என்று செல்லமாகச் சொல்வார்கள். எனக்கு அந்த ஒப்பீடு பிடிக்காது. தோனே யாருக்கும் புதிர் போடவில்லை. வீட்டில் ஒருவர் வரைகிறார், அவள் உட்கார்ந்திருக்கிறாள், அவ்வளவே. அந்த 'அவ்வளவே'தான் யதார்த்தம்.

இன்னும் பின்னே போனால் 16ஆம் நூற்றாண்டில் பெராத் பக்கம் வேலை செய்த திருவுரு ஓவியர் ஒனுஃப்ரி இருக்கிறார். அவருடைய சிவப்பு பேர்போனது. ஆக, சோசலிச யதார்த்தவாதம் மாஸ்கோவிலிருந்து வந்து இறங்கும்போது அல்பேனிய ஓவியர் வெற்றுக் கையோடு நிற்கவில்லை. பார்த்ததை வரையும் பழக்கமும் நிறத்தைத் துணிந்து வைக்கும் பழக்கமும் ஏற்கெனவே அங்கே இருந்தன. 'மரம் நடுதல்' இந்த இரண்டாவது பழக்கத்தின் பக்கம் சாய்ந்தது. பிற்கால ஹிலா முழுக்க முதலாவதன் பக்கம். என் வாசிப்பு இதுதான்.

1973

70களின் தொடக்கத்தில் அல்பேனியாவில் ஒரு சின்னக் காற்று வீசியது. சீனாவின் கலாச்சாரப் புரட்சி வேகம் தணிந்த நேரம். இளைஞர்கள் முடியை வளர்த்தார்கள், இத்தாலிய வானொலியும் தொலைக்காட்சியும் கடலைத் தாண்டி எட்டிப்பார்த்தன. கண்காட்சிகளில் படங்கள் மெல்ல இளகின. எடிசன் ஜெர்கோ 1971இல் போர்க்காலக் கதைப்பாடகரைச் சுற்றிக் கூடியிருக்கும் மனிதர்களைக் கனசதுரம் கனசதுரமாக உடைத்து வரைந்தார். ஹிலாவின் படம் வந்ததும் அந்த ஆண்டுதான்.

திரானா தொலைக்காட்சியில் மேடை, அரங்க வடிவமைப்பு வேலையில் இருந்த ஹிலாவுக்கு அப்போது யாருக்கும் எளிதில் கிடைக்காத ஒரு வாய்ப்பு வந்தது. இத்தாலிய அரசுத் தொலைக்காட்சியில் பயிற்சிக்காக ஃப்ளோரன்ஸ் போனார். எல்லையைத் தாண்ட முயன்றவனைச் சுட்டுத் தள்ளுகிற நாட்டிலிருந்து ஓர் இளம் ஓவியர், பழைய இத்தாலிய ஓவிய மேதை ஜோத்தோவின் சுவரோவியங்கள் இருக்கிற ஊருக்கு, அரசு அனுப்பியே, போய்வருகிறார். மறுமலர்ச்சிக்கால ஓவியர்களின் கட்டடங்கள், வெறுமையான சதுக்கங்கள், பகல்வெளிச்சத்தில் அசையாமல் நிற்கும் சுவர்கள் எல்லாம் கண்ணில் தங்கிவிட்டிருக்க வேண்டும். பிற்காலப் படங்களைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றுகிறது.

இதற்கிடையே உள்ளூரில் காற்று திரும்பிவிட்டது. 1972 டிசம்பரில் தொலைக்காட்சியில் நடந்த 11ஆவது பாட்டு விழா தீப்பொறியானது. பாட்டும் மேடையும் உடையும் மேற்கத்திய வாடை அடிப்பதாக ஹோஜா சீறினார். 1973 ஜூனில் கட்சி மத்தியக் குழுவின் நான்காவது பிளீனம், அதாவது முழுக் கூட்டம், கூடியது. 'தாராளவாதம்', 'அந்நியச் செல்வாக்கு' என்கிற இரண்டு சொற்கள் அன்றிலிருந்து வழக்குப் பிரிவுகள் மாதிரி ஆகிவிட்டன. கட்சியின் கலாச்சாரப் பொறுப்பாளர் ஃபாடில் பச்ராமி, தொலைக்காட்சி இயக்குநர் தோடி லுபோன்யா இருவரும் நீண்ட சிறைத்தண்டனை பெற்றார்கள். விழாவில் பாடியவர், இயக்கியவர் என்று வரிசையாக உள்ளே போனார்கள்.

அடுத்தது ஓவியர்கள் முறை. ஜெர்கோ சிறைக்குப் போனார். மாக்ஸ் வேலோ என்கிற ஓவியர், கட்டடக் கலைஞர், 1978இல் கைதானார். அவருடைய ஓவியங்களை எரித்தார்கள். ஸ்பாச் சுரங்கச் சிறையில் கிடந்தார். ஹிலாவின் பெயரும் பட்டியலில் இருந்தது. 'மரம் நடுதல்' சாட்சி. சிறை இல்லை, மறுகல்வி. அதாவது உடலுழைப்பு.

கோழிகள்

வேலை எளிமையானது: சுமை ஏற்று, சுமை இறக்கு. ஃப்ளோரன்ஸுக்குப் போய்வந்த ஆளைத் தொழிலாளி வர்க்கத்தின் நடுவே விட்டால் மூளை சுத்தமாகும் என்பது கணக்கு. சில ஆண்டுகள் அங்கே கழிந்தன. வரைவதற்கு அனுமதி இல்லை. வரைந்தாலும் காட்ட இடமில்லை.

ஆனால் வரைந்தார். மறைவாக, தாளில், சின்னச் சின்னதாக. இந்தச் சித்திரங்கள் அரசு விழுந்த பின் பல ஆண்டுகள் கழித்துத்தான் வெளியே தெரிந்தன. அவற்றில் இருப்பவர்கள் அவரோடு வேலை பார்த்தவர்கள். யாரும் மார்பை நிமிர்த்தவில்லை. வேலைக்கு நடுவே களைத்து உட்கார்ந்திருக்கிறார்கள். தோள் தொங்குகிறது. கை வேலை முடிந்து சும்மா இருக்கும்போது எப்படி மடியில் கிடக்குமோ அப்படிக் கிடக்கிறது. கோழிகள், கூண்டுகள், தொழிற்சாலையின் இடுக்குகள். புகாரும் இல்லை, புகழ்ச்சியும் இல்லை.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டியிருக்கிறது. தொழிலாளியை வரை, தொழிலாளியோடு வாழ், அவர் வாழ்க்கையை உள்ளிருந்து அறி என்று அந்த அரசு முப்பது ஆண்டுகளாக ஓவியர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தது. தொழிற்சாலைக்கு ஒருநாள் பயணம் போய், குறிப்பெடுத்து வந்து, ஸ்டூடியோவில் மாதிரி ஆளை நிற்கவைத்து வீரத் தொழிலாளியை வரைந்தவர்களுக்குப் பட்டம், வீடு, சம்பளம். ஒருவர் உண்மையிலேயே அங்கே போய், ஆண்டுக்கணக்கில் சுமை தூக்கி, பக்கத்தில் இருந்தவரைத் தோனேயைப் போல உட்காரவைத்து வரைந்தார். அந்தச் சித்திரங்களை ஒளித்துவைக்க வேண்டியிருந்தது. சோசலிச யதார்த்தவாதம் தன் சொல்லைக் காப்பாற்றிய சில தாள்கள் நாட்டில் உண்டென்றால், அவை அந்தக் கோழித் தொழிற்சாலையில் ஒளித்துவைத்தவைதான் என்பேன்.

அப்படியானால் குற்றம் எது?

காரணங்களைப் பிரித்துப் பார்க்கலாம். முதலில் கால நேரம். 1971இல் அதே படம் தொங்கியபோது உலகம் இடிந்துவிடவில்லை. 1973க்குப் பிறகு இடிந்தது. ஹோஜாவுக்குக் கலாச்சாரம் முதல் படி மட்டுமே. 1974இல் ராணுவத்திலும் 1975இல் பொருளாதாரத் துறையிலும் இதே மாதிரிக் களையெடுப்பு நடந்தது. பாதுகாப்பு அமைச்சராக இருந்த பெகிர் பலுகுவைச் சுட்டே கொன்றார்கள். ஆகவே ஓவியத்தில் என்ன தப்பு என்று தேடுவதே வீண், பலிக்கு ஆள் வேண்டியிருந்தது, மாட்டியவர் மாட்டினார் என்று வாதிடலாம். பாதி உண்மை.

மீதிப் பாதியும் எனக்கு முக்கியமாகப் படுகிறது. நூற்றுக்கணக்கான படங்களில் ஏன் சிலவற்றை மட்டும் பொறுக்கினார்கள்? பொறுக்கியவர்கள் முட்டாள்கள் அல்ல. கலையைப் படித்தவர்கள், ஓவியத்தை வாசிக்கத் தெரிந்தவர்கள். ஹிலாவின் படத்தில் அவர்கள் பார்த்தது சரியாகத்தான் இருந்தது என்று சொன்னால் விசித்திரமாகத் தோன்றலாம். அந்த இளைஞர்கள் யாருக்காகவும் மகிழ்ச்சியாக இல்லை. கட்சிக்காக, நாளைக்காக, பார்வையாளருக்காக என்று எந்தத் திசையிலும் அவர்களுடைய சந்தோஷம் போகவில்லை. அங்கேயே சுற்றிச் சுழல்கிறது. தலைவன் என்று ஒருவரைச் சுட்ட முடியாது. நிறமும் அப்படியே. கொடி சிவப்பு, வானம் நீலம், கோதுமை மஞ்சள் என்று ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு கடமை ஒதுக்கப்பட்ட ஊரில், ஒரு நிறம் வெறுமனே அழகாக இருப்பதற்காக வந்து உட்கார்ந்தால் அது ஒழுங்கீனம்தான். 'உருவவாதம்', அதாவது கருத்தை விட்டு வடிவத்தையே கொண்டாடுவது, என்று அதற்கு வைத்த பெயர் மொட்டையாக இருக்கலாம், மோப்பம் தப்பவில்லை.

கட்டளையில் 'எதை' என்பதை ஹிலா முழுக்க ஏற்றுக்கொண்டார். 'எப்படி' என்பது தன் கையில் இருப்பதாக நினைத்துவிட்டார். கள்ளமில்லாமல் நினைத்தார். அதனால்தான் அவர் கதையில் கலகக்காரன் என்று ஒருவன் இல்லை. வாழ்க்கைக் குறிப்பு எழுதுகிறவர்கள் சிலர் பின்னோக்கிப் பார்த்து அவருக்குக் கலகக்காரன் வேஷம் கட்டுகிறார்கள். அந்த வேஷம் அவருக்குப் பொருந்தாது.

எல்லாம் அனுமதிக்கப்பட்ட பிறகு

1991 பிப்ரவரியில் திரானாவின் ஸ்கந்தர்பெக் சதுக்கத்தில் ஹோஜாவின் சிலையைக் கயிறு கட்டி இழுத்தார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் 'வ்லோரா' என்கிற சரக்குக் கப்பலில் ஏறக்குறைய 20,000 பேர் ஏறி இத்தாலியின் பாரி துறைமுகம் போனார்கள். 1997இல் புதிதாகச் சேர்பவரின் பணத்தில் பழையவருக்கு வட்டி கொடுத்த பிரமிடு நிதித் திட்டங்கள் கவிழ்ந்து, ஊர் ஊராகச் சேமிப்பு கரைந்து, ஆயுதக் கிடங்குகள் சூறையாடப்பட்டு, ஏறக்குறைய 2,000 பேர் செத்தார்கள். ஒரு தலைமுறைக்குள் இவ்வளவும்.

ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்த ஹிலாவுக்கு இப்போது எந்த நிறத்தையும் பூசலாம். எந்த 'எப்படி'யும் அனுமதி. கலைக் கல்லூரியில் கற்பித்தார். அங்கே அவரிடம் படித்தவர்களில் அட்ரியன் பாட்சியும் அன்ரி சாலாவும் இன்று உலகம் அறிந்த பெயர்கள். இருவரும் நாட்டை விட்டுப் போனார்கள், இருவரும் வீடியோவின் பக்கம் திரும்பினார்கள். வாத்தியார் திரானாவிலேயே, தூரிகையோடு இருந்தார். வெளியுலகம் அவரை உண்மையாகக் கண்டுகொண்டது எழுபதைத் தாண்டியபின்: 2017இல் ஏதென்ஸிலும் காசெலிலும் நடந்த டாகுமென்டா 14 என்கிற பெரிய சர்வதேசக் கலைக் கண்காட்சி, அடுத்த ஆண்டு வார்சா நவீனக் கலை அருங்காட்சியகத்தில் பெரிய மீள்பார்வைக் கண்காட்சி, அப்புறம் திரானாவின் தேசிய ஓவியக் கூடத்திலும் அது. 'மரம் நடுதல்' இருப்பதும் அந்தக் கூடத்தின் சேகரிப்பில்தான்.

சரி, என்ன வரைந்தார்? நகரத்தை. கட்டுகிற, இடிக்கிற, பாதியில் விட்டுவிட்டுப் போகிற நகரத்தை. சாலையோரத்தில் நிற்கும் பொருள்கள் ஒரு வரிசை. 'முரண்' என்று ஒரு வரிசை. 2013இல் 'பென்ட்ஹவுஸ்' என்று ஒன்று: புதுப்பணக்கார வீடுகள், பெரிய பீடங்களின் மேல் ஏற்றிவைத்த நினைவுச்சின்னம் மாதிரி தனியாக நிற்கின்றன. பீடம் இருக்கிறது, மேலே வீரன் இல்லை, வீடுதான். சிலைகளை இழுத்துத் தள்ளிய நாட்டில் பீடம் மட்டும் சும்மா இருக்கவில்லை என்பதை இதைவிடக் குறைந்த சத்தத்தில் சொல்ல முடியாது. 2017இல் வரைந்த ஒன்று, காரின் கூரைமேல் ஒரு கூடாரம்.

இந்தப் படங்களில் எல்லாம் நிறம் வடிந்துபோயிருக்கிறது. சாம்பல், வெளிறிய பழுப்பு, பால் கலந்த பச்சை. மூட்டமான பகல் மாதிரி ஒரு வெளிச்சம். நிழல் அழுத்தமாக விழுவதில்லை. விளிம்புகள் கொஞ்சம் உறைந்து, கொஞ்சம் கரைந்து நிற்கும். 1971இன் அந்தப் பளிச்சென்ற கைதான் இதையும் பூசியது என்று நம்பக் கஷ்டமாக இருக்கும்.

எல்லாரும் உடனே ஒரு கதை சொல்லிவிடுகிறார்கள்: தண்டனை அவருடைய நிறத்தைப் பறித்துவிட்டது. கேட்க நன்றாக இருக்கிறது, எழுதுவதற்கும் வசதி. நான் நம்பவில்லை. நிறம் பறிபோன ஆள் அப்படிச் சாம்பலைப் பூச மாட்டார். அந்தச் சாம்பலில் அவ்வளவு வகை இருக்கிறது. தோனேயின் தலைத்துணியில் இத்ரொமெனோ வைத்தாரே, அதே கவனம். இன்னொன்று, 90களுக்குப் பின் திரானா பல பத்தாண்டுகள் ஒரு கட்டுமானத் தளமாகவே இருந்தது. மலைக் கிராமங்களிலிருந்து ஜனங்கள் கொட்டினார்கள். அனுமதி இல்லாமல் மாடிமேல் மாடி எழும்பியது. சிமெண்ட் தூசி மரத்தில், காரில், ஜன்னலில், மூக்கில். அந்த நகரத்தின் நிறம் அதுதான். அவர் பார்த்ததை வரைந்தார்.

இதற்கு நேர் எதிராக ஒரு சம்பவம் அதே ஊரில் நடந்தது. 2000இல் எடி ராமா திரானா மேயரானார். அவரும் ஓவியர், அதே கலை வட்டாரத்து ஆள். 2013 முதல் பிரதமர். மேயராக வந்ததும், அழுக்கேறிய பழைய அடுக்குமாடிகளின் முகப்பில் ஆரஞ்சும் ஊதாவும் மஞ்சளும் பட்டை பட்டையாக அடிக்கவைத்தார். உலகப் பத்திரிகைகள் வியந்தன. ஊர்க்காரர்களில் பலருக்கும் பிடித்திருந்தது; பாழடைந்த நகரத்தில் யாரோ தங்களைக் கவனித்ததுபோல உணர்ந்தார்கள், அதைக் குறைத்துச் சொல்லக் கூடாது. ஆனாலும், அல்பேனியாவில் மறுபடியும் ஆட்சி நிறத்துக்கு ஒரு கடமையைக் கொடுத்தது. நம்பிக்கை ஊட்டு என்று. ஒரு காலத்தில் நிறம் கூடிப்போனதற்காகத் தண்டனை பெற்றவர், நகரமே வண்ணம் பூசிக்கொண்ட ஆண்டுகளில், தன் ஸ்டூடியோவில் சாம்பலைக் கலந்துகொண்டிருந்தார். எதிர்ப்பாகச் செய்தார் என்று சொல்ல மாட்டேன். முகப்புக்குப் பின்னால் இருந்த சுவரையும் அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

2015இல் வரைந்த 'தேசத் தியாகிகள் பூலேவார்' வரிசையோடு இதை நிறுத்துகிறேன். அது திரானாவின் நடுவே ஓடும் பெரிய நேர்ச்சாலை. 1939இல் முசோலினியின் படை அல்பேனியாவுக்குள் வந்த பின், கெரார்தோ போசியோ என்கிற இத்தாலியக் கட்டடக் கலைஞர் அதன் தெற்கு முனையில் ஃபாசிசக் கட்சிக்கு ஒரு மாளிகை எழுப்பினார். கல், நேர்கோடு, கறுத்த ஜன்னல்கள். போர் முடிந்து ஹோஜா வந்தார்; அதே சாலையில் மே தின அணிவகுப்பு நடந்தது. 1988இல் அவருக்காக ஒரு பிரமிடு வடிவ அருங்காட்சியகமும் அதே சாலையில் முளைத்தது. பிறகு அவரும் போனார். கட்சி மாளிகை பல்கலைக்கழகம் ஆகிவிட்டிருந்தது. மூன்று ஆட்சிகளும் தங்கள் கூட்டத்தை நடத்திப் பார்த்த சாலை அது.

ஹிலா இந்தக் கட்டடங்களை நேருக்கு நேர், அரங்கத் தட்டி மாதிரி நிறுத்துகிறார். தொலைக்காட்சியில் தட்டிகள் செய்த கை அது, மறக்கவில்லை. முகப்புகள் முழுசாக இருக்கின்றன, ஆனால் பின்னால் அறைகள் இருக்கும் என்று தோன்றவில்லை. வானம் சுவரின் நிறத்திலேயே இருக்கிறது. தரை ஈரமா தூசியா என்று தெரியாத ஒரு பரப்பு, கேன்வாஸின் கீழ்ப்பகுதி முழுக்க, ஒன்றும் நடக்காமல் விரிந்து கிடக்கிறது. நம்மை நோக்கி யாரும் நடந்து வரவில்லை.